பெங்களூர்ல டிபன் கடை போடறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கடை திறந்தாச்சு, லைசென்ஸை ஃபிரேம் போட்டு கல்லாவுக்கு மேல மாட்டியாச்சு, ஆனா அந்த முதல் ஓனர்கிட்ட போன பணத்தை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. ஈஜிபுரா பக்கம் நானும் அக்காவும் சேர்ந்து போட்ட கடை. திப்பசந்திராவுல 2005ல 50 சதுர அடி இடத்துல இட்லி மாவு அரைச்சு ஆரம்பிச்ச ஐடி ஃப்ரெஷ்ங்கற பாக்கெட் மாவு கம்பெனி கதையை மாமா சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்கு தைரியமே வந்துச்சு. பெரிய சாதனை அது. ஆனா ஜெயிச்சவங்க பேட்டியில மாவு, ருசி, உழைப்பு எல்லாம் வரும், கடை இருக்கற ரோடு எத்தனை அடி அகலம்னு யாரும் சொல்றதில்ல. எங்களை கவுத்தது அதுதான்.

புரோக்கர் முதல்ல காட்டின இடத்துக்கு "முன்னாடி இருந்தவங்களும் ஓட்டல்தான் தம்பி, பேப்பர்லாம் பக்கா"ன்னாரு. அட்வான்ஸ் குடுத்து, டைல்ஸ் ஒட்டி, எக்ஸாஸ்ட் மாட்டி, டிரேடு லைசென்ஸுக்கு, அதாவது கடை நடத்த மாநகராட்சி தர்ற அனுமதிக்கு போட்டா, ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு இது குடியிருப்பு ஏரியா, ரோடு 40 அடி இல்ல, ஓட்டலுக்கு தர முடியாதுன்னுட்டாரு. முன்னாடி இருந்தவங்க லைசென்ஸே இல்லாம ஓட்டியிருக்காங்க, அது ஓனருக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும். காலி பண்றோம்னு சொன்னதும் பெயிண்டிங், நோட்டீஸ் பீரியடுன்னு சொல்லி அட்வான்ஸ்ல பாதிக்கு மேல பிடிச்சுட்டாங்க. அக்கா நகைய வச்சு புரட்டின காசு அது.

ரெண்டாவது கடை மெயின் ரோட்டுல கிடைச்சுது. அங்க கரண்ட் பில் ஓனரோட இறந்துபோன அப்பா பேர்ல இருந்துச்சு, அக்ரிமெண்ட் ஓனர் பேர்ல. லைசென்ஸ் ஆபீஸ் கவுண்டர்ல இருந்தவர் நாங்க போறப்பல்லாம் ஒரே ஒரு பேப்பர் மட்டும் கேப்பாரு, அதை கொண்டு போனா அடுத்தது, மொத்தமா சொல்லுங்க சார்னா நிமிந்து கூட பாக்க மாட்டாரு. கடைசியில அக்கா ஒரு வெள்ளை பேப்பரை நீட்டி, என்னென்ன வேணுமோ நீங்களே எழுதிக் குடுங்கண்ணான்னு கன்னடத்துல கேட்டாங்க. எழுதிட்டாரு! வரி கட்டின ரசீது, ஆட்சேபணை இல்லன்னு ஓனர் தர்ற என்ஓசி, வாரிசு சர்டிஃபிகேட், அவ்வளவுதான். அதுக்கப்புறம் மடமடன்னு முடிஞ்சுது.

சாப்பாட்டுக் கடைக்கு வேண்டிய உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், அதான் எஃப்எஸ்எஸ்ஏஐ, ஆன்லைன்லயே போட்டுடலாம், ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்குல அழாதீங்க. நாங்க எடுத்தப்போ வருஷ வியாபாரம் 12 லட்சத்துக்குள்ளன்னா 100 ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன், மேல போனா 2000 ரூபாய் ஸ்டேட் லைசென்ஸ். ஏஜெண்டு சின்னதே போதும்னாரு, ஆனா கணக்கு போட்டு பாருங்க, தினம் 4000 ரூபாய் ஓடினாலே 300 நாள்ல 12 லட்சம் ஆயிடும், அதனால பெருசே எடுத்தோம். ஜிஎஸ்டியும் அப்படித்தான், 20 லட்சம் தாண்டினா எடுத்தே ஆகணும். 2025 ஜூலைல யூபிஐ வரவை வச்சு சின்ன கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் வந்தப்ப எத்தனையோ பேர் 'கேஷ் மட்டும்'னு எழுதி ஒட்டினாங்க, கேஷா வாங்கினாலும் அது வியாபாரக் கணக்குல வரும்ங்க. தினம் ராத்திரி நோட்டுல எழுதிடுங்க.

போர்டு அடிக்கிறப்ப 60 சதவீதம் கன்னடம் இருக்கணும், டிசைன்காரர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

ரெண்டாவது ஓனர்கிட்ட அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேர்க்க வச்சோம்: இடத்தால டிரேடு லைசென்ஸ் கிடைக்கலன்னா அட்வான்ஸ் முழுசா திருப்பித் தரணும். முதல்ல முறைச்சாரு, அப்புறம் கையெழுத்து போட்டாரு. அந்த வரிக்கு ஒத்துக்காத ஓனர்கிட்ட ஒரு ரூபாய் கூட குடுக்காதீங்க, வேற கடை பாருங்க.