எல்ம் தெருவில் கைவிட்ட கேள்வி

2010இல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' திகில் பட ரீமேக் சரியில்லை என்று பேச்செடுத்தால் முதல் பழி ஜாக்கி எர்ல் ஹேலி மேல்தான் விழும். பழைய படங்களில் ராபர்ட் இங்லண்ட் செய்த, தூங்குகிறவர்களின் கனவுக்குள் வந்து கொல்லும் ஃப்ரெடியை வேறொருவர் செய்யலாமா என்பார்கள். அது நியாயமே இல்லை. ஹேலி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். படத்தைக் கவிழ்த்தது வெஸ்லி ஸ்ட்ரிக், எரிக் ஹைஸ்ஸரர் இருவரின் பெயரில் வந்த திரைக்கதை. (முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

வெஸ் க்ரேவனின் 1984 மூலப்படத்தில் ஃப்ரெடி க்ரூகர் குழந்தைகளைக் கொன்றவன். அதில் சந்தேகமே கிடையாது. வாரண்டில் முறையான கையெழுத்து இல்லாததால் தப்பிவிடுகிறான், பெற்றோர் சேர்ந்து எரித்துவிடுகிறார்கள். ரீமேக்கில் அவன் ஒரு மழலையர் பள்ளித் தோட்டக்காரன். போலீஸ், கோர்ட் என்று போகாமல், அவன் தங்களிடம் பாலியல் கொடுமை செய்தான் என்று பிள்ளைகள் சொன்னதை நம்பிப் பெற்றோரே துரத்திக் கொளுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். வளர்ந்தபின் ஒன்றுமே ஞாபகமில்லை. 'நாங்கள் அன்று சொன்னது பொய்யாக இருந்தால்?' என்ற சந்தேகத்தோடு அவர்களில் ஒருவனான க்வென்டின் தன் அப்பாவிடமே மோதுகிறான்.

படத்தில் புதிதாக இருப்பது இந்த ஒரு கேள்விதான், அதுவும் சாதாரணக் கேள்வி இல்லை. குழந்தைகளிடம் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொல்லப்பட்ட கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் ஒரு புகாரில் தொடங்கி, 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. பதிலைத் திணிக்கிற மாதிரி குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பதுதான் அந்த வழக்கின் மேல் இன்றைக்கும் இருக்கும் பெரிய விமர்சனம். ஒரு நிரபராதியை நம் வாய்வார்த்தையே கொன்றிருக்குமோ என்ற பயம், ஃப்ரெடியின் கத்திவிரல் கையுறையைவிட ஆழமாக வெட்டக்கூடியது.

திரைக்கதை அதை என்ன செய்கிறது? கதாநாயகி நான்ஸியும் க்வென்டினும் தாங்கள் படித்த பழைய பள்ளிக்குப் போகிறார்கள். ரகசிய அறை. உள்ளே அவன் செய்த கொடுமைக்குச் சாட்சியாகப் புகைப்படங்கள். ஃப்ரெடி குற்றவாளிதான், பெற்றோர் செய்தது சரிதான். கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. அதற்காக யாரும் எதையும் இழக்கவில்லை, யாரும் மாறவும் இல்லை. மீதிப் படம் வெறும் துரத்தல்.

இன்னொரு நல்ல சரக்கும் வீணாகியிருக்கிறது. நாள்கணக்கில் தூங்காவிட்டால் மூளை தானாகவே சில நொடிகள் அணைந்து அணைந்து எரியும் என்கிறது படம். மருந்துக்கடைக் காட்சியில் நான்ஸி நடக்க நடக்க அலமாரி வரிசை ஃப்ரெடி உலவும் கொதிகலன் அறையாக மாறுகிறது, மறுபடி கடையாகிறது. மொத்தப் படத்திலும் சிறந்த காட்சி இதுதான். ஆனால் விழித்திருந்த நேரத்தின் கணக்கு கதையை நெருக்குவதே இல்லை. மணி ஏற ஏற இந்த அணைவுகள் நீள வேண்டும். 2 நொடி 10 நொடியாக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு காட்சியிலும் இது நிஜமா என்று நாம் தேடுவோம். இங்கே இயக்குநருக்கு எப்போது பயமுறுத்தத் தோன்றுகிறதோ அப்போது அணைகிறது.

கிறிஸ் என்ற பெண் சாகும்வரை ரீமேக் அவளுடையது. அதன்பிறகுதான் நான்ஸி கைக்கு வருகிறது. மூலத்திலும் டீனா என்ற தோழியிடமிருந்து இதே கைமாற்றம் உண்டு, ஆனால் அங்கே நான்ஸி முதலிலிருந்தே பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கிறவள். கடைசியில் ஃப்ரெடியைக் கனவிலிருந்து நிஜத்துக்கு இழுத்துவந்து மடக்க, பல்புக்குள் வெடிமருந்து அடைக்கிறாள், கதவைத் திறந்தால் அடிக்கும்படி சம்மட்டியைத் தொங்கவிடுகிறாள், சரியாக 20 நிமிடத்தில் வந்து கதவை உடைக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கப்போகிறாள். ரீமேக் நான்ஸியின் திட்டமோ, அவள் தூங்கும்போது க்வென்டின் விழித்திருப்பதை நம்பியிருக்கிறது. அவனும் தூங்கிவிடுகிறான். ஃப்ரெடியை நிஜத்துக்கு இழுத்துவந்தபின், அங்கே கிடந்த காகிதம் வெட்டும் கத்திதான் கைகொடுக்கிறது. நான்ஸியாக நடித்த ரூனி மாரா சோர்ந்து தெரிவதாகக் குறை சொல்கிறவர்கள், அவருக்குச் செய்ய என்ன கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் சரிசெய்யப் பெரிய மாற்றம் தேவையில்லை. அந்தப் புகைப்படங்களை ஃப்ரெடியின் கழுத்து அறுபட்ட பிறகு கண்டெடுக்க வைத்திருக்கலாம். கத்தியை ஓங்கும்போது நான்ஸிக்கு அவன் குற்றவாளியா என்று தெரியாது. தெரியாமலேயே வெட்ட வேண்டியிருக்கும், தன் பெற்றோர் அன்று செய்த மாதிரியே.