டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் கற்பதில் சிரமம்) உள்ள பிள்ளைக்குப் பள்ளி பார்க்கும்போது

"எங்களிடம் ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறார்" என்று பல பள்ளிகள் சொல்லும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் அந்த ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். தனிப் பயிற்சிக்கு எந்தப் பீரியடில் அழைத்துப்போகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். விளையாட்டு, ஓவிய வகுப்பிலிருந்து என்றால், பிள்ளை சோபிக்கிற ஒரே இடமும் போய்விடும்.

பயிற்சியை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒலியையும் எழுத்தையும் இணைத்து, சொல்லைப் பிரித்துச் சேர்த்து, படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும். அன்றைய பாடத்தையே மறுபடி எழுதவைப்பது வெறும் டியூஷன். அதில் வாசிப்பு நகராது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அப்படிப் பயின்றவர் பள்ளியில் உண்டா என்றும் விசாரிக்கலாம்.

வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வி: போர்டில் இருப்பதை எழுதி முடிக்காத பிள்ளையை என்ன செய்வீர்கள்? "இன்டர்வெலில் உட்காரவைப்போம்" என்றால் அடுத்த பள்ளிக்குப் போங்கள்.

சி.பி.எஸ்.இ.யில் இந்தப் பிள்ளைகளுக்கு 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளலாம், மூன்றாம் மொழிக்கு விலக்கும் உண்டு. இதெல்லாம் பொதுத்தேர்வுக்கு மட்டும்தானா, ஆறாம் வகுப்பிலிருந்தே தருவார்களா என்று பள்ளியில் கேளுங்கள். சொல்லி எழுதவைப்பதும் பழக வேண்டிய வேலைதான்; பத்தாம் வகுப்பில் திடீரென ஆள் உட்கார்ந்தால் பிள்ளை திணறும். அட்மிஷனுக்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கையை மறைத்துச் சேர்க்காதீர்கள். பிறகு எதையும் உரிமையோடு கேட்க முடியாது.