மூன்று வெள்ளி ரூபாய்களும் ஒரு மேசை விளக்கும்

பாட்டியின் சுருக்குப்பையில் இருந்தவை மூன்று வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா தலை போட்ட 1901 ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் தலையில் 1912, 1919 என இரண்டு. எந்தக் காசு எந்தத் தரம் என்று நானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் உட்கார்ந்து இது மூன்றாவது வாரம்.

முதல் நாள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து எழுதிவைத்தேன். 1919 வெள்ளைவெளேர் என்று மின்னியது. அதற்கு 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', அதாவது லேசாக மட்டுமே தேய்ந்த காசின் தரம். 1912 கறுத்துப்போய், ஓரத்தில் நீலமும் பழுப்பும் ஏறிக் கிடந்தது. அதற்கு வெறும் 'ஃபைன்', நன்றாகத் தேய்ந்த காசின் தரம். இரண்டையும் இப்போது அடித்துவிட்டேன்.

முதலில் சந்தேகம் வந்தது தராசில்தான். இந்த ரூபாய் அச்சாலையிலிருந்து வெளிவரும்போது 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருகிறதே, அது இந்தக் கணக்குதான். என் தராசில் 1912 காசு 11.63 காட்டியது. மின்னுகிற 1919 காசு 11.52. பளபளப்பாக இருப்பது ஏன் அதிகம் எடை இழந்திருக்கிறது?

வெள்ளி அசலா என்றும் பார்த்தேன். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியிலும் ஓரத்திலும் படாமல் முக்கினேன். 1912 காசுக்கு 1.13 காட்டியது. அது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை, அதாவது காசின் கன அளவு. 11.63ஐ அதால் வகுத்தால் 10.3க்குப் பக்கம் வருகிறது. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, மீதி செம்பு என்ற கலவைக்கு அதுதான் அடர்த்தி. மற்ற இரண்டும் அதே அளவில் நின்றன. 1901 காசின் விளிம்பில் மட்டும் வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு இருக்கிறது. யாரோ கழுத்தில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காசுக்கு முழுத் தரம் கிடைக்காது. அதை அன்றே தனியே எடுத்துவைத்தேன்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். தேய்மானம் முதலில் மேடான இடங்களில்தான் விழும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் கிரீடம், மீசை, மார்பு அங்கியில் இருக்கும் யானை. 1911இல் வந்த முதல் அச்சில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக இருந்து, பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் திருத்தினார்கள். திருத்திய யானை என்பதால் அதையே உற்றுப் பார்த்தேன். என் கறுத்த 1912 காசில் தும்பிக்கை தனியாக இறங்குகிறது, காது மடல் தெரிகிறது, மேலே போகிற சங்கிலியின் கண்ணிகளை எண்ண முடிகிறது. மின்னுகிற 1919 காசில் யானை இருந்த இடம் வழுவழுப்பான ஒரு மேடு.

பிறகு அறையை இருட்டாக்கி, ஒற்றை பல்பு மேசை விளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றினேன். 1912 காசில் கறுப்புக்கு அடியிலிருந்து ஒளி சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வந்தது. அச்சு இறங்கியபோது வெள்ளி வெளிப்பக்கமாக வழிந்த நுண்வரிகள் இன்னும் அழியாமல் இருந்தால்தான் அந்தச் சுழற்சி வரும். அதைப் பார்த்த நிமிடம் எனக்குக் கை நடுங்கியது. கிரீடத்தின் உச்சி கொஞ்சம் மழுங்கலாக இருந்ததைத் தேய்மானம் என்று முதலில் குறித்திருந்தேன். சாய்த்துப் பார்த்தால் அந்த மழுங்கலின் மேலும் அதே ஒளி ஓடுகிறது. தேய்ந்த இடம் என்றால் ஒளி அங்கே செத்துப்போயிருக்கும். ஆகவே அது அச்சு சரியாக அழுந்தாத குறை.

1919 காசில் ஒளி சுழலவே இல்லை. வட்டவட்டமாக மயிரிழைக் கீறல்கள் எழுந்து நின்றன. டியூப்லைட்டின் பரந்த வெளிச்சத்தில் இவை கண்ணில் படாது. அம்மாவிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோட சேர்த்து விபூதி போட்டுத் தேய்ப்பேன்டா. பூஜையில வைக்கிற காசு கறுத்துக் கிடக்கலாமா?"

"அப்ப இன்னொண்ணு?"

"அது பைக்குள்ளேயே கிடந்துது. யாரும் தொடலை."

தொடாததால்தான் பிழைத்திருக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளியின் மேல் பல வருடமாகப் படிந்த மெல்லிய தோல். அதை உரித்தால் அடியில் இருக்கும் நுண்வரிகளும் சேர்ந்து போய்விடும்.

இன்றைய குறிப்பு இது. 1919: பின்பக்கம் கீழே தாமரையின் அடியில் புள்ளி இருக்கிறது, பம்பாய் அச்சு, வெரி ஃபைன் (ஃபைனுக்கு மேல், எக்ஸ்ட்ரீம்லி ஃபைனுக்குக் கீழ்), ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்தது. 1912: புள்ளி இல்லை, கல்கத்தா, எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், காசின் தரத்துக்கு எண் கொடுக்கும், 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் 45. யானையின் முதுகில் மட்டும் லேசான சாம்பல் நிறத் தேய்வு இருக்கிறது. அது இல்லையென்றால் 50 கொடுத்திருப்பேன்.

1919 காசு பூஜை அலமாரிக்கே திரும்பிவிட்டது. 1912 காசை மைலார் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டையில் போட்டு, மேலே பென்சிலால் 'தேய்க்கக் கூடாது' என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்து, கீழே பாட்டியின் பெயரையும் எழுதச் சொன்னாள்.