லீடர்ஷிப் கேள்விக்கு அந்த ரஃப் நோட்டு போதும்
அக்கா பொண்ணுக்கு வியாழக்கிழமை இன்டர்வியூ. "சித்தி, லீடர்ஷிப் பத்தி கேட்பாங்களாம், நான் டீம் லீடரா இருந்ததே இல்லையே" என்று நேற்று ராத்திரி போனில் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

எனக்குக் கோபமே வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் இவர்கள் தெருவில் தண்ணீர் நின்று கரண்டும் இல்லாமல் கிடந்தபோது, ஒரு ரஃப் நோட்டில் எந்த வீட்டில் வயதானவர்கள், எங்கே கைக்குழந்தை, யாருக்கு இன்சுலின் என்று வீடு வீடாக எழுதி, நாலு பையன்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, பால் பாக்கெட் முதலில் குழந்தை இருக்கும் வீட்டுக்குத்தான் என்று சண்டை போட்டு நின்றது யாராம்? அதைச் சொல்லுடி என்றேன்.

சரி என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாமே "நாங்க செஞ்சோம்". கேட்பவருக்கு நீ என்ன செய்தாய் என்பதுதான் வேண்டும். ஸ்டார் முறை என்பார்களே, நிலைமை, உன் பொறுப்பு, நீ செய்தது, கடைசியில் என்ன ஆனது, அந்த வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லச் சொன்னேன். முதல் நாள் இரண்டு பையன்கள் ஒரே வீட்டுக்குப் போய் நின்றது, அப்புறம் நோட்டில் டிக் போட ஆரம்பித்தது, அதையும் மறைக்காமல் சொல்லணும். அமேசான் தன் 16 லீடர்ஷிப் கொள்கைகளைத் தளத்திலேயே போட்டிருக்கிறது, அங்கே மேனேஜர் பதவி அல்லாத வேலைக்கும் அதை வைத்துக் கேள்வி வரும்.

நோட்டு இன்னும் பத்திரமாக இருக்காம். இன்றைக்கு எட்டு மணிக்கு மறுபடி கூப்பிடுகிறேன் என்றிருக்கிறாள்.