பார்சல் சீட்டில் "மருந்து" என்று எழுதிய அம்மா

சுங்க அலுவலகத்தில் பார்சலை அதிகாரி பிரிப்பதில்லை. ஒரு கத்தியை நம் பக்கம் நீட்டி, நீங்களே பிரியுங்கள் என்கிறார். 2022 அக்டோபரில், ஏழு மாத வயிற்றோடு தென் ஜெர்மனியில் ஒரு சுங்க அலுவலக மேஜைக்கு முன்னால் நிற்கும்வரை எனக்கு இது தெரியாது. கும்பகோணத்தில் அம்மா மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பை அறுத்து மூடியைத் தூக்கியதும் பெருங்காய வாசனை அறை முழுக்கப் பரவியது. அதிகாரி ஓரடி பின்வாங்கினார். பக்கத்து மேஜையில் ஏதோ கைப்பேசி உதிரிபாகத்துக்கு வரி கட்ட வந்திருந்த பையன் எட்டிப் பார்த்தான்.

அது அம்மா அனுப்பிய இரண்டாவது பார்சல். முதல் பார்சல் என்னைப் பார்க்காமலேயே ஊர் திரும்பிவிட்டது. காரணம், என் பெயர்.

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதற்குப் பிறகு அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர், அவ்வளவுதான் விலாசம். பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் நான் அப்பா பெயரை எழுதியிருந்தேன். என் கணவரும் அப்படியே. ஆக, எங்கள் தபால் பெட்டியில் என் அப்பாவும் என் மாமனாரும் கூட்டாகக் குடியிருக்கிறார்கள். எங்கள் இருவர் பெயரும் அதில் இல்லை. அம்மாவோ ஊர் வழக்கப்படி இனிஷியல் போட்டு என் பெயரை எழுதி, கீழே கணவர் பெயரையும் சேர்த்திருந்தாள். தபால்காரர் பெட்டிகளைப் பார்த்திருப்பார், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திருப்பிவிட்டார். ஜூனில் கிளம்பிய முறுக்கு ஆகஸ்ட் கடைசியில் நமுத்துப்போய்க் கும்பகோணம் வந்து சேர்ந்தது. அப்பா அதைச் சாப்பிட்டு முடித்தார்.

இதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். தபால் பெட்டியைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பி, இதில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுது என்றேன். "உங்கள் அப்பாவுக்கு நானே பார்சல் அனுப்புவதுபோல இருக்கிறதே" என்றாள்.

இரண்டாவது பார்சல் நாடு கடந்தது, விலாசத்தில் குற்றமில்லை. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. பார்சல் சுங்க அலுவலகத்தில் இருக்கிறது, அடையாள அட்டையோடும் பொருள்களின் மதிப்புக்கான சான்றோடும் இன்ன தேதிக்குள் வரவும், வராவிட்டால் திருப்பி அனுப்பப்படும். முன்பின் தெரியாதவர்களுக்கு இந்தக் கடிதம் சம்மன்போலத் தோன்றும். பயப்பட ஒன்றுமில்லை, தேதியைத் தவறவிடாமல் இருந்தால் போதும். சான்று என்றால் என்ன என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அம்மா சுட்ட அதிரசத்துக்கு யார் பில் கொடுப்பார்கள்?

போய் நின்றபோதுதான் பிரச்சினை பெட்டிக்குள் இல்லை, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கிறது என்று தெரிந்தது. சி.என். 23 என்று ஒரு சுங்கப் படிவம். வெளிநாட்டுப் பார்சல் என்றால் தபால் நிலையத்தில் ஆதார் நகலோடு இதையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும்: என்ன பொருள், எத்தனை, என்ன எடை, என்ன மதிப்பு என்று வரிசையாகக் கட்டங்கள். அம்மா மூன்று வரியில் முடித்திருந்தாள். கிஃப்ட் ஐட்டம்ஸ். ஸ்வீட்ஸ். மெடிசின். மதிப்புக் கட்டம் காலி. அன்பளிப்புக்கு விலை போடுவது அபசகுனம் என்று நினைத்தாளாம்.

மூன்றாவது வரிதான் பெட்டியை நிறுத்தியது. வெளியிலிருந்து வருகிறவர் தன் உபயோகத்துக்குக் கொஞ்சம் மருந்தைப் பையில் கொண்டுவரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனியாருக்குத் தபாலில் மருந்து வரவழைக்க ஜெர்மனி அனுமதிப்பதில்லை. அம்மா மருந்து என்று எழுதியது பிரசவ மருந்தை. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கிக் காயவைத்து அனுப்பியிருந்தாள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். சுக்கைக் காட்டி இஞ்சி என்றேன். திப்பிலியைக் காட்டி நீள மிளகு என்றேன். ஜெர்மன் மொழியிலும் அதற்கு அதே பெயர்தான் என்று அப்போது தெரிந்தது, அவர் முகம் தெளிந்தது. "அப்படியென்றால் இவை மசாலாப் பொருள்கள். ஏன் மருந்து என்று எழுதினார்கள்?" நம் ஊரில் இரண்டும் ஒரே டப்பாவில்தான் இருக்கும் என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்க முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டேன். பொட்டலங்களை அனுமதித்தார். கூடவே கடையில் வாங்கிய லேகியம் ஒரு பாட்டில் இருந்தது. அதன் லேபிளிலேயே மருந்து என்றும், எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தது. அது உள்ளே போய்விட்டது, வரவில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் பிரித்த கோடு நியாயமானதுதான்.

அடுத்து நெய். அரை லிட்டர் பாட்டிலைப் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தாள், உடையாமல் இருக்க. இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனியார் பார்சலில் வரக் கூடாது. கோமாரி போன்ற கால்நடை நோய்கள் அவற்றோடு வந்துவிடும் என்ற பயம். அதுவும் போயிற்று. கொல்லையில் பறித்துச் செய்தித்தாளில் மடித்த கறிவேப்பிலையும் போயிற்று. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். தவிர, 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சையாக வரும் காய், பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியான் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு. அன்று இரவு இதைச் சொன்னதும் அம்மா, "அப்படியானால் தேங்காய் அனுப்பட்டுமா?" என்றாள்.

இனி பணக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு, எப்போதாவது, காசு வாங்காமல், சொந்த உபயோகத்துக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு 45 யூரோ மதிப்பு வரை வரியில்லை. அன்றைய விலைக்கு ஏறக்குறைய 3,650 ரூபாய். இங்குள்ள நம்மவர்கள் பலர் "அந்தச் சலுகையை 2021இல் எடுத்துவிட்டார்களே" என்பார்கள். 2021 ஜூலை 1 முதல் எடுத்தது வேறு. இணையக் கடையில் வாங்கும் 22 யூரோ வரையிலான சரக்குக்கு இருந்த சலுகை அது. அன்பளிப்புக்கான 45 அப்படியே இருக்கிறது. பார்சல் 45ஐத் தாண்டினாலும் வரி மொத்தத்துக்கும் அல்ல. 45க்குள் அடங்கும் பொருள்களை விட்டுவிட்டு மிச்சத்துக்குத்தான். ஆனால் ஒரே பொருளைத் துண்டு போட்டுக் கணக்கிட மாட்டார்கள். வளைகாப்புப் புடவை 4,200 ரூபாய், கடை பில்லை அப்பா படமெடுத்து அனுப்பியிருந்தார். அது ஒன்றே 45ஐத் தாண்டியதால் புடவை முழுவதற்கும் வரி. வளையலும் முறுக்கும் பொடிகளும் தப்பித்தன. அதிரசத்துக்கு விலை கேட்டபோது வீட்டில் செய்தது என்றேன். "கடையில் வாங்கினால் என்ன விலையோ அதைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன், எழுதிக்கொண்டார். பில் இல்லாத பொருளுக்கு இவ்வளவுதான் சான்று. இதற்காகவா இரண்டு இரவு தூங்காமல் இருந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

காபித்தூளில்தான் மாட்டிக்கொண்டேன். ஜெர்மனியில் காபிக்கென்றே தனி வரி உண்டு, வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ. அன்பளிப்பாக வந்தால் 500 கிராம் வரை சலுகை. அதற்கு மேல் போனால் அதிகமான அளவுக்கு மட்டுமல்ல, முழுவதற்குமே சலுகை போய்விடும். அம்மா அனுப்பியது ஒரு கிலோ. அதில் சிக்கரி எவ்வளவு என்று அதிகாரி கேட்டார். தெருமுனை அரவைக் கடையில் அரைத்த தூள். பொட்டலத்தின் மேல் பேனாவால் "1" என்று எழுதியிருந்ததைத் தவிர வேறு தகவல் இல்லை. முழுவதும் காபிதான் என்று வைத்துக்கொண்டார். புடவைக்கும் காபிக்குமாகப் பன்னிரண்டு யூரோ சொச்சம் கட்டிவிட்டு வந்தேன். தேநீர் அனுப்புகிறவர்களுக்கு: அதற்கு 100 கிராம்தான் வரம்பு.

குழந்தை பிறப்பதற்குள் மூன்றாவது பார்சல் அனுப்ப அம்மா துடித்தாள். இந்த முறை சீட்டை நான் இங்கிருந்து எழுதி அனுப்பினேன், பார்த்து எழுதினால் போதும் என்று. "ஸ்வீட்ஸ்" என்பதற்குப் பதிலாக அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த பலகாரம், 500 கிராம், 250 ரூபாய். "கிஃப்ட் ஐட்டம்ஸ்" என்பதற்குப் பதிலாகக் குழந்தைக்குப் பருத்திச் சட்டை, 4, 600 ரூபாய். அன்பளிப்பு என்ற கட்டத்தில் ஒரு டிக். பிரசவ மருந்து என்ற சொல்லே கூடாது, சுக்கு என்றால் காய்ந்த இஞ்சி. இது ஏமாற்று வேலை அல்ல. உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்வது, நாம் அழைக்கும் பெயரில் அல்லாமல் வாங்குகிற நாட்டுக்காரருக்குப் புரியும் பெயரில்.

இடையில் அப்பா ஒரு தனியார் கூரியர் கடையில் விசாரித்தார். எல்லாவற்றையும் நாங்களே எழுதிக்கொள்கிறோம், மதிப்பைப் பத்து யூரோ என்று போட்டுவிடுவோம் என்றார்களாம். வேண்டாம் என்றேன். புடவையைப் பார்த்த எந்த அதிகாரியும் பத்து யூரோவை நம்ப மாட்டார். பார்சல் தொலைந்தால் நஷ்ட ஈட்டுக்குப் பேசும்போதும் அந்தப் பத்து யூரோதான் நம் எதிரில் வந்து நிற்கும். கூரியரில் இன்னொரு கணக்கும் உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவதும் ஓர் எடை. நிஜ எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் பணம். மூன்று பக்கமும் 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் முறுக்கு வைத்தால் தராசில் ஆறு கிலோகூட வராது, பில்லில் 12.8 கிலோ வரும். முறுக்குக்குத் தபால் நிலையம்தான் லாயக்கு.

மூன்றாவது பார்சல் மூன்று வாரத்தில் வந்தது, சுங்கத்தில் நிற்காமல். நாங்கள் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம். தபால்காரர் கீழ் வீட்டுப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு எங்கள் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டைப் போட்டிருந்தார். இங்கே அது வழக்கம்.

இங்கிருந்து ஊருக்கு அனுப்புவது எளிது என்று நினைத்திருந்தேன். 2023இல் அப்பாவுக்கு அறுபது முடிந்தது, திருக்கடையூரில் கல்யாணம். எங்களால் போக முடியவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சவரக் கருவி, சாக்லேட் என்று ஒரு பெட்டி அனுப்பினேன். அடையாளச் சான்றைப் பதிவேற்றுங்கள் என்று அப்பாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. "சுங்கம், பார்சல், ஆதார் என்று யார் சொன்னாலும் மோசடி" என்று நான்தான் அவரிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அவர் அழித்துவிட்டார். பெட்டி கிடந்து கிடந்து என்னிடமே திரும்பி வந்தது. அவர் மீது தவறில்லை. அனுப்பிய அன்றே பார்சல் எண்ணைச் சொல்லி, இப்படி ஒரு செய்தி வரும், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் நிறுவனத்தின் தளத்துக்கே போய் அந்த எண்ணைப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டி உள்ளே போயிருந்தாலும் அப்பா வரி கட்டியிருப்பார். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கை இந்தியா 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்குக்கூடக் கிடையாது. அந்த விலக்கில் பொங்கல் சீரையும் சேர்த்திருக்கலாம், யாரும் நம்மைக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஊருக்குப் பொருள் வேண்டுமென்றால் என் இந்திய வங்கிக் கணக்கு அட்டையில் அங்குள்ள இணையக் கடையிலேயே வாங்கிவிடுகிறேன். வெளிநாட்டு அட்டையைச் சில கடைகள் ஏற்பதில்லை. டெலிவரிக்காரர் அழைக்க அப்பாவின் எண்ணைத்தான் கொடுக்கிறேன்.

ஊரிலிருந்து இங்கே மட்டும் தீபாவளிக்கு ஒரு பார்சல் தவறாமல் வருகிறது. போன தடவை தபால் நிலையக் கவுன்ட்டரில் நின்றபடியே அம்மா அழைத்தாள், அப்பளத்தை எப்படி எழுதுவது என்று. உளுந்து மாவு அப்பளம், 400 கிராம், 120 ரூபாய் என்றேன்.

"140. போன வாரம்தான் விலை ஏற்றினான். நீயே குறைத்துச் சொன்னால் எப்படி?" என்று சொல்லிவிட்டு எழுதப் போனாள்.