போன்ல இருக்குறது டிவில வரமாட்டேங்குதா?

கடலூர் மஞ்சக்குப்பத்துல பெரியம்மா வீட்ல கல்யாண போட்டோ எல்லாம் டிவில பெருசா பாக்கணும்னு உக்காந்திருக்காங்க, போன் தேடிக்கிட்டே இருக்கு, டிவி பேரே வரல. போன்ல இருக்குறத வயர் இல்லாம டிவில காட்ட ரெண்டு வழி இருக்குங்க, மிராகாஸ்ட் வேற, கூகுள் காஸ்ட் வேற, இத பிரிச்சு பாத்தாலே பாதி பிரச்சனை தீந்துடும். 2012ல வந்த மிராகாஸ்ட் வைஃபை டைரக்ட்ல ஓடுது, போனும் டிவியும் நேரா பேசிக்கும், ரவுட்டரே வேணாம், அதனால மழை நாள்ல நெட் போனாலும் கரண்ட் இருந்தா போட்டோ பாக்கலாம், எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம். கூகுள் காஸ்ட்டுக்கு ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கணும். பெரியம்மா போன் கெஸ்ட் வைஃபைல, அதாவது விருந்தாளிங்களுக்குன்னு தனியா வச்ச வைஃபைல இருந்துச்சு, அது பெரும்பாலும் மத்த சாதனங்கள பாக்க விடாது. டிவி இருக்குற வைஃபைக்கு மாத்துனதும் டிவி பேரு வந்துடுச்சு.

பிக்சல் போன்ல மிராகாஸ்ட் கிடையாது, தேடி நேரத்த வீணாக்காதீங்க. சாம்சங்னா இதுக்கு ஸ்மார்ட் வியூன்னு பேரு. ஐபோன் ஸ்க்ரீன அப்படியே வயர் இல்லாம காட்ட ஏர்ப்ளே (ஆப்பிளோட சொந்த வழி) உள்ள டிவியோ ஆப்பிள் டிவி பாக்ஸோ வேணும்.

அப்புறம் சில ஓடிடி ஆப்ப மிரர் பண்ணா, அதாவது போன் ஸ்க்ரீன அப்படியே டிவில காட்டுனா, படம் கறுப்பாயிடும், சத்தம் மட்டும் கேக்கும். டிவி ரிப்பேர்னு கடைக்கு தூக்கிட்டு போயிடாதீங்க, அது காப்பிரைட் பாதுகாப்பு, ஆப்புக்குள்ள காஸ்ட் பட்டன் இருந்தா அத அழுத்துங்க, இல்லன்னா டிவிலயே அந்த ஆப்ப போட்டுக்குங்க.