நண்டுக்கு அனுமதி ஃபார்ம் கிடையாது என்றார்கள்

முனைவர் பட்டத்துக்குக் களி நண்டை எடுத்துக்கொண்டேன். கோடையில் கழிமுகத்துத் தண்ணீர் உப்பேறிக் கிடக்கும். ஐப்பசி மழை கொட்டினால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். அதை நண்டு எப்படித் தாங்குகிறது என்பதுதான் என் கேள்வி. முதல் திட்டத்தில் 60 நண்டுகள். அத்தனையையும் கொன்று, உப்பைச் சமன்செய்யும் செவுளை எடுப்பதாக இருந்தது.

எலியில் ஆய்வு செய்யும் தோழி நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியையும் தொட முடியாது. அதே விண்ணப்பத்தைக் கேட்டு நானும் போனேன். "முதுகெலும்பு இல்லாததுக்கெல்லாம் ஃபார்ம் கிடையாதும்மா, நீங்க ஆரம்பிங்க" என்றார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ மனிதரல்லாத எந்த உயிரையும் விலங்கு என்கிறது. நண்டு உணர்வுள்ள உயிர் என்று 2022இல் சட்டத்தில் சேர்த்த பிரிட்டனிலும், ஆய்வக விலங்குகளுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு ஆக்டோபஸுக்கு உண்டு, நண்டுக்கு இல்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் குழு செய்த சோதனையை அப்போதுதான் படித்திருந்தேன். கரை நண்டுகளுக்கு ஒளிந்துகொள்ள இரண்டு இருட்டறைகள், ஒன்றில் மின்னதிர்ச்சி. ஓரிரு முறை பட்டதும் அந்த அறையைத் தவிர்க்கத் தொடங்கின. வெறும் அனிச்சைச் செயல் என்று இதைத் தள்ள என்னால் முடியவில்லை.

என் வழிகாட்டி மேடத்திடம் சொன்னேன். "ஃபார்ம் இல்லேன்னா நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் கேள்வியே உறைத்தது: 60 எதற்கு? துடுப்புக் காலின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வில் ஊசி போட்டால் கொஞ்சம் ரத்தம் எடுக்கலாம். செம்பு கலந்த, லேசான நீல ரத்தம். ஒரே நண்டிடம் இடைவெளி விட்டு எடுத்தால் உப்பளவு மாறுவதைத் தொடர்ந்து பார்க்கலாம். செவுளுக்கு மட்டும் கொன்றால் போதும். 60 என்பது 24 ஆனது.

கொல்லும் முறைக்குத்தான் மூன்று மாதம் பிடித்தது. எங்கள் ஆய்வகத்தில் அதுவரை அப்படியே ஃப்ரீசரில் வைப்பார்கள். அப்படி வைத்த ஒரு நண்டு தன் இரண்டு கொடுக்குகளையும் கழற்றிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். முதலில் மரக்கச் செய்யக் கிராம்பு எண்ணெய் பார்த்தேன். தண்ணீரில் கரையாது, முதலில் ஆல்கஹாலில் கலக்க வேண்டும். களி நண்டுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அப்புறம் ஐஸ். குழாய்த் தண்ணீர் ஐஸை நேரடியாகப் போட்டால் உருக உருக உப்பு குறையும். அது நண்டுக்கும் வதை, உப்பைப் பற்றிய என் ஆய்வுக்கும் கேடு. கடல்நீரையே பாட்டிலில் உறைய வைத்துப் பயன்படுத்தினேன். குளிர் வலியை மரக்கச் செய்கிறதா, அசைவை மட்டும் நிறுத்துகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் ஐஸோடு விடுவதில்லை. கண்ணைத் தொட்டால் அதைத் தாங்கும் காம்பு மடங்கக் கூடாது, வாயுறுப்புகள் அசையக் கூடாது. இரண்டையும் பார்த்த பிறகே கூர்முனையை எடுப்பேன். நண்டுக்கு நரம்பு மையம் இரண்டு: ஒன்று கண்களுக்குப் பின்னால், இன்னொன்று அடிவயிற்றில் மடிந்திருக்கும் மடலுக்கு உள்ளே. இரண்டையும் உடனுக்குடன் அழிக்க வேண்டும். முதலில் இறந்த நண்டுகளில் குத்திக் குத்திப் பழகினேன்.

வளர்ப்பதையும் ஃபார்மில் சேர்த்தேன். தொட்டிக்கு ஒரு நண்டு, ஒளிய ஒரு பி.வி.சி. பைப் துண்டு. சேர்த்து விட்டால் சட்டை உரித்த நண்டை மற்றவை தின்றுவிடும். நண்டைப் பிடித்துக் கொடுக்கைக் கட்டித் தரும் அண்ணன், "கயிற அவுக்காத தங்கச்சி, வெரலு போயிடும்" என்பார். நீண்ட கிடுக்கியும் பொறுமையும் இருந்தால் அவிழ்க்கலாம். நாள்கணக்கில் கட்டிப் போட்ட நண்டின் ரத்தம் இயல்பான அளவைக் காட்டாது என்பதையும் எழுதி வைத்தேன்.

அந்த 24இல் ஒன்றுகூடக் காலைக் கழற்றவில்லை.

இப்போது ஜூனியர் ஒருவன் இறாலைச் சினைக்குக் கொண்டுவரக் கண்காம்பை வெட்டப் போகிறான். சினையைத் தடுக்கும் ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. குஞ்சு பொரிப்பகங்களில் இது அன்றாட வேலை. என் ஃபார்மைக் கொடுத்தேன். 'மரக்கச் செய்யும் முறை' என்ற கட்டத்தைக் காலியாகத் திருப்பித் தந்தான். வெட்டுமுன் காம்பில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைத் தடவலாமா என்று இருவரும் சோதித்துக்கொண்டிருக்கிறோம். அது தெரியும்வரை கத்தரிக்கோல் என் மேசை டிராயரில் இருக்கிறது.